வெடிப்பு எதுவரை எட்டும்?

1944 ஏப்ரல் 14. மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில், பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், இங்கிலாந்திலிருந்து வந்த தங்கக்கட்டிகள் என்று வேறு சரக்கும் கூடவே இருந்தது. அரை மணி நேரம் போல் கழித்து இரண்டாவது முறையாக வெடித்தது. தீயணைக்கப் போனவர்கள் பலர் அங்கேயே மாண்டார்கள். இந்தியா முழுவதும் இன்றும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீயணைப்புப் படையினர் வாரமாக அனுசரிக்கப்படுவது அவர்கள் நினைவாகத்தான்.

இந்த வெடிப்பு எவ்வளவு தூரம் எட்டியது? பக்கத்துக் கப்பல்கள் மூழ்கியதையும் துறைமுகக் கிடங்குகள் தரைமட்டமானதையும் வைத்துப் பார்த்தால் சில நூறு மீட்டர். எரிந்துகொண்டே வானத்திலிருந்து விழுந்த பஞ்சுப் பொதிகள் மூட்டிய தீயைக் கணக்கில் எடுத்தால் அதைவிட அதிகம். ஒரு தங்கக்கட்டி ஏறத்தாழ ஒரு மைல் பறந்துபோய் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது (வீட்டுக்காரர் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்). ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவியும் இந்த வெடிப்பைப் பதிவு செய்தது. நான்கும் உண்மை. நான்கும் சொல்லும் தூரம் வேறு வேறு.

‘இந்தக் குண்டின் தாக்கம் இத்தனை கிலோமீட்டர்’ என்று செய்திகளில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது நாம் அதை மலையின் உயரம் போல எடுத்துக்கொள்கிறோம். போய் அளந்தால் அப்படியே இருக்கும் என்று. உண்மையில் அந்த எண்ணுக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. எந்தச் சேதத்தைச் சேதம் என்று எடுத்துக்கொள்வது, யாருக்கு நேரும் சேதம், நூற்றில் எத்தனை பேருக்கு நேர்ந்தால் கணக்கில் சேர்ப்பது என்பதை யாரோ ஒருவர் முன்பே முடிவு செய்திருக்கிறார். அதை மாற்றினால் தூரமும் மாறிவிடும்.

முதலில் அழுத்தத்தைப் பார்ப்போம். நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் இயல்பான அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வெடிப்பிலிருந்து கிளம்பும் அலை ஓர் இடத்தைக் கடக்கும் கணத்தில், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தம் கூடுகிறது என்பதுதான் பொறியாளர்கள் பார்க்கும் அளவு. வெறும் 1 கிலோபாஸ்கல் கூடினாலே சாதாரண ஜன்னல் கண்ணாடிகள் உடைய ஆரம்பிக்கும். 7 கூடினால் வீடு இனிக் குடியிருக்க லாயக்கில்லாத அளவுக்குச் சேதமாகும். 35-ஐ எட்டினால் பெரும்பாலான வீடுகள் இடிந்துவிடும்.

அதே 35 கிலோபாஸ்கல் மனித உடலை என்ன செய்யும்? காதின் சவ்வு கிழியத் தொடங்கும். அவ்வளவுதான். நுரையீரல் சேதமாக 100-ஐ ஒட்டிய அழுத்தம் வேண்டும். காற்றழுத்தம் மட்டுமே ஆளைக் கொல்ல வேண்டுமானால் 200-க்கு மேல் போக வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அழுத்த அலையைத் தாங்குவதில் நம் உடல் நம் வீட்டைவிட உறுதியானது. வெட்டவெளியில் நின்றால் பிழைத்துக்கொள்ளக்கூடிய தூரத்தில், வீட்டுக்குள் இருந்தவர் சுவர் விழுந்து இறப்பார். ஆகவே ‘உயிருக்கு ஆபத்தான தூரம்’ என்று ஒன்றைக் கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: ஆபத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார்? ஓட்டு வீட்டிலா, கான்கிரீட் கட்டடத்திலா, வயலிலா? ஜன்னலுக்கு அருகிலா, உள்ளறையிலா?

இதற்கு மேல் இன்னொரு சிக்கல், இந்த அலைக்கு விளிம்பு கிடையாது. தொலைவு போகப் போக அழுத்தம் குறையும். வெடிப்புக்கு அருகில் செங்குத்தாகச் சரியும், பிறகு சரிவு மெதுவாகும். வெகு தொலைவில், தூரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் பாதியைவிடச் சற்றுக் கீழே இறங்கும், மறுபடி இரண்டு மடங்கானால் மறுபடி அப்படியே. இறங்கிக்கொண்டே இருக்குமே தவிர, எந்த இடத்திலும் ‘இதோடு முடிந்தது’ என்று நிற்காது. நிறுத்துவது நாம்தான். 1 கிலோபாஸ்கலில் கோடு கிழித்தால் ஒரு வட்டம். 35-இல் கிழித்தால் அதைவிட மிகச் சிறிய வட்டம்.

வெடித்த பொருளின் அளவு சரியாகத் தெரிந்துவிட்டால் தூரமும் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளபடியே பார்த்தால், இந்த விஷயத்தில் அளவுதான் குறைந்த தொல்லை தருவது. வெடிப்பின் ஆற்றல் நாலா பக்கமும் மேலும் கீழுமாகப் பரவுகிறது. அது நிரப்பும் கன அளவோ தூரத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. அதனால் எட்டும் தூரம் வெடிபொருள் எடையின் கனமூலத்தைப் பொறுத்தே கூடும். பிரிட்டனின் பெர்ட்ரம் ஹாப்கின்சனும் ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியே கண்ட விதி இது. அதே சேதம் இரண்டு மடங்கு தூரத்தில் நேர வேண்டுமானால் எட்டு மடங்கு மருந்து வேண்டும். பத்து மடங்கு தூரத்துக்கு ஆயிரம் மடங்கு.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது சுமார் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் என்று அரசு சொன்னது. சமூக ஊடகங்களில் வந்த காணொளிகளில் அலை எந்தக் கட்டடத்தை எந்த நொடியில் தொட்டது என்று பார்த்து, பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். 500 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்பது அவர்களின் மதிப்பீடு. அதிகபட்சமாக 1,120 டன் வரை இருக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக வேறுபடுகிறதே என்று தோன்றும். ஆனால் கனமூலம் எடுத்துப் பார்த்தால் தூரத்தில் வரும் வித்தியாசம் சுமார் 30 சதவீதத்தில் அடங்கிவிடுகிறது. கிடங்கில் இருந்த சரக்கின் எடை நமக்குத் தெரிந்திருந்தாலும், அதில் எவ்வளவு உண்மையில் வெடிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. 1921-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் உரத் தொழிற்சாலையில் குவித்து வைத்திருந்த சுமார் 4,500 டன்னில் வெடித்தது பத்தில் ஒரு பங்குதான் என்பது பரவலான மதிப்பீடு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்கே ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

பெரிய தொல்லை, வட்டம் வட்டமாக இருப்பதில்லை என்பது. காகிதத்தில் போடும் கணக்கு சமதரையையும் திறந்த வெளியையும் எண்ணிப் போடுவது. நகரம் அப்படியா இருக்கிறது? அலை ஒரு சுவரில் நேருக்கு நேர் மோதும்போது அந்தச் சுவரின் மீது விழும் அழுத்தம் குறைந்தது இரண்டு மடங்காகும், அலை வலுவாக இருந்தால் இன்னும் பல மடங்கு கூடும். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள குறுகிய தெருவில் அலைக்கு விரிய இடமில்லாததால் வெகு தூரம் வலு குறையாமல் ஓடும். பெய்ரூட்டில் வெடித்த கிடங்கின் மேற்கே 48 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் தானியக் குதிர்கள் வரிசையாக நின்றன. அவை தாமே பாதி நொறுங்கி, தங்களுக்குப் பின்னால் இருந்த மேற்கு நகரத்துக்கு ஓரளவு மறைவு கொடுத்தன. கிழக்கே இருந்த குடியிருப்புகளுக்கு அப்படி ஒரு மறைவு இல்லை. ஒரே வெடிப்பு, ஒரே தூரம். கிழக்கில் ஒரு கதி, மேற்கில் வேறு கதி.

1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேலே வானில் ஒரு விண்கல் வெடித்தது. சுமார் 2,150 சதுர கிலோமீட்டர் காடு சாய்ந்தது. மரங்கள் விழுந்த திசைகளைப் பின்னாளில் வரைபடமாக்கியபோது கிடைத்த வடிவம் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியை ஒத்திருந்தது. விண்கல் சாய்வாக வந்ததுதான் காரணம். இன்னும் வியப்பு, வெடிப்புக்கு நேர் கீழே இருந்த மரங்கள் கிளைகளை இழந்து, மொட்டையாக, நட்ட கம்பம் போல நின்றுகொண்டிருந்தன. அலை அவற்றின் மீது மேலிருந்து கீழாக இறங்கியதால் சாய்ப்பதற்குப் பக்கவாட்டு விசை இல்லை. மையத்தில்தான் சேதம் அதிகம், விலக விலகக் குறையும் என்ற நம் எண்ணத்துக்குத் துங்குஸ்கா ஒத்து வரவில்லை.

சிதறல்கள் வேறு கதை. அழுத்த அலைக்கு உள்ள கனமூல விதி, பறக்கும் இரும்புத் துண்டுக்குக் கிடையாது. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ‘மோன் பிளான்’ என்ற வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. அதன் நங்கூரத்தின் தண்டு, அரை டன் எடை, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. அதற்காக ஹாலிஃபாக்ஸ் வெடிப்பின் சிதறல் தூரம் மூன்றரைக் கிலோமீட்டர் என்று சொல்ல முடியுமா? அந்த வட்டத்துக்குள் இருந்த மிகப் பெரும்பான்மையான இடங்களில் நங்கூரம் எதுவும் விழவில்லை. இங்கே தூரம் என்பது நிகழ்தகவாகிவிடுகிறது. இராணுவ வெடிமருந்துக் கிடங்குகளுக்கான விதிகளில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆளைக் கொல்லும் அளவு வேகமுள்ள துண்டு, சுமார் 56 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கைவிடக் குறைவாக விழும் இடம் எதுவோ, அதற்கு அப்பால் பொதுமக்கள் குடியிருக்கலாம். அந்த 56 சதுர மீட்டர் எந்த இயற்கை விதியிலிருந்தும் வந்ததல்ல. இவ்வளவு அபாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கூடி உட்கார்ந்து ஒப்புக்கொண்ட அளவு.

ஹாலிஃபாக்ஸைப் பற்றிச் சொல்லும்போது கண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கப்பல் மோதித் தீப்பிடித்து, வெடிப்பதற்கு முன் சுமார் இருபது நிமிடம் எரிந்தது. ஊர் மக்கள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கப்பலில் என்ன இருக்கிறது என்று அவர்களில் அநேகமாக யாருக்கும் தெரியாது. அலை வந்தபோது கண்ணாடி நேராக முகங்களில் சிதறியது. ஆயிரக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம், பலருக்குப் பார்வை முற்றிலும் போயிற்று. அதே நகரத்தில், அதே தூரத்தில், முதுகைக் காட்டி அடுப்பங்கரையில் இருந்தவருக்கு அதே அலை செய்தது வேறு.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தபோதும் இதேதான் நடந்தது. சூரியனை மிஞ்சிய ஒளி முதலில் வந்தது. என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி கணத்தில் வந்துவிடும், அழுத்த அலைக்கோ ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து அலை வந்து சேர்ந்தபோது அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால். ஒளியைப் பார்த்ததும் ஜன்னலை விட்டு விலகித் தரையில் படுக்கும் பழக்கம் அந்த ஊரில் எல்லோருக்கும் இருந்திருந்தால், அதே விண்கல்லின் ‘காயப்படுத்தும் தூரம்’ வெகுவாகச் சுருங்கியிருக்கும். வெடிப்பின் பக்கத்தில் ஒரு கிராம் கூட மாறியிருக்காது.

சத்தத்தின் தூரம் இன்னும் குழப்பமானது. 1901-இல் விக்டோரியா ராணியின் உடலைக் கப்பலில் கொண்டுபோனபோது இங்கிலாந்தின் தென்கரையில் போர்க்கப்பல்கள் பீரங்கி முழங்கி மரியாதை செய்தன. நெடுந்தொலைவில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள், அதைவிட அருகில் இருந்த பல ஊர்களில் ஒன்றுமே கேட்கவில்லை. முதல் உலகப் போரில் ஆன்ட்வெர்ப் முற்றுகையின்போதும், ஓப்பாவ் விபத்தின்போதும் இதையே கவனித்தார்கள்: அருகே கேட்கும், பிறகு ஒரு மௌன வளையம், அதற்கு அப்பால் மறுபடி கேட்கும். தரைக்கு அருகிலுள்ள காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருந்தால் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும், நடுவில் உள்ள ஊர்களின் தலைக்கு மேலே போய்விடும். பல பத்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று மறுபடி சூடாக இருக்கும் அடுக்கை எட்டியதும், அங்கிருந்து கீழ்நோக்கி வளைந்து வெகு தொலைவில் இறங்கும். தரையோரம் குளிர்ந்திருக்கும் பின்னிரவில் நிலைமை தலைகீழ். ஒலி தரையோடு ஒட்டி ஓடும், காற்று வீசும் திசையில் இன்னும் அதிகமாக. அழுத்த அலையின் வலுவிழந்த பகுதியும் இப்படியே நடந்துகொள்வதால், எந்தப் பக்கத்து ஜன்னல் உடையும் என்பதை அன்றைய வானிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பெரிய வெடிச் சோதனைகளை வானிலை பார்த்துத் தள்ளிப்போடுவது இதனால்தான்.

கேட்பதையே எல்லையாக வைத்துக்கொண்டால் சில வெடிப்புகளுக்கு எல்லையே இல்லாமல் போகும். 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரோட்ரிகஸ் தீவில் கேட்டது. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை பூமியைப் பல முறை சுற்றியதை உலகெங்கும் உள்ள காற்றழுத்தமானிகள் பதிவு செய்தன. ‘டோங்கா வெடிப்பின் தாக்கம் உலகம் முழுவதும்’ என்று எழுதினால் பொய்யில்லை, பயனும் இல்லை.

எரிவாயுவோ பெட்ரோல் ஆவியோ கசிந்து வெடிக்கும்போது, எங்கிருந்து அளப்பது என்பதே தெரியாமல் போகும். 2005 டிசம்பர் 11 விடியற்காலையில் லண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்தது. பெட்ரோல் ஆவி மேகம் போலத் தரையோடு பரவி, தொட்டியிலிருந்து வெகு தூரம் போன பிறகே பற்றிக்கொண்டது. திறந்த வெளியில் இப்படி எரியும் ஆவி பெரிய அழுத்தம் தராது என்பதுதான் அதுவரை பாதுகாப்புக் கணக்குகள் கொண்ட நம்பிக்கை. நடந்தது அந்தக் கணக்கைப் பன்மடங்கு மிஞ்சியது. விசாரணையில் தெரிந்த காரணம், சாலையோரம் அடர்த்தியாக வளர்ந்திருந்த மரங்களும் புதர்களும். தீ அந்தக் கிளைகளுக்கிடையே புகுந்து புரண்டு ஓடியதில் அதன் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என்பதால் யாரும் இறக்கவில்லை. வேலை நாளின் நண்பகலாக இருந்திருந்தால் சுற்றியிருந்த கட்டடங்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள்.

சட்டமும் விதியும் இவ்வளவுக்கும் நடுவே ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கு இத்தனை கிலோ மருந்து, இத்தனை ஆட்கள், அடுத்த அறைக்கு இத்தனை மீட்டர் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த இடைவெளி, அறையில் அனுமதித்த அளவு மட்டுமே இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. மருந்தை அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்தாலோ, மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்கினாலோ சுவருக்கும் சுவருக்கும் உள்ள மீட்டர் மாறாது. ஆனால் அந்த மீட்டருக்கு இருந்த பொருள் போய்விடும்.

பெரிய கிடங்குகளுக்கு நேட்டோ நாடுகள் வைத்திருக்கும் விதி எளிது. வெடிபொருளின் எடையைக் கிலோவில் எடுத்து, கனமூலம் கண்டு, 22.2-ஆல் பெருக்கினால் குடியிருப்புகள் தள்ளி இருக்க வேண்டிய தூரம் மீட்டரில் கிடைக்கும். அந்த இடத்தில் எதிர்பார்க்கும் அழுத்தம் 5 கிலோபாஸ்கல். மேலே சொன்ன 1 கிலோபாஸ்கலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் கண்ணாடிகள் உடையும், ஓடுகள் சரியும், சிலருக்குக் காயம் படும் என்று தெரிந்தே இதை வைத்திருக்கிறார்கள். வீடு இடிந்து விழாது, உயிர்ச்சேதம் அரிது என்பதுதான் அதன் உறுதி. பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு அதே சூத்திரத்தில் 44.4, அதாவது இரண்டு மடங்கு தூரம்.

இதைச் சென்னைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பெய்ரூட் விபத்து நடந்த வாரத்தில்தான், சுங்கத்துறை 2015-இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் மணலிப் பக்கம் 37 கொள்கலன்களில் கிடப்பது பலருக்கும் தெரியவந்தது. குடியிருப்புகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்ற கேள்வி உடனே எழுந்தது. 700 டன்னும் டிஎன்டி போலவே முழுதாக வெடிக்கும் என்று வைத்தால், 22.2 கணக்கில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அதன் வலு டிஎன்டியில் 30 சதவீதம் என்று வைத்தால் 1.3 கிலோமீட்டர். அருகே ஒரு பள்ளி இருந்து, முதல் அனுமானத்தையே எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். ஒன்று வெடித்தால் மற்றவை உடன் வெடிக்காத அளவுக்குக் கொள்கலன்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால், ஒரு கொள்கலனின் 20 டன்னை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது 30 சதவீதக் கணக்கில் வருவது 400 மீட்டர். அந்த ஆகஸ்டிலேயே சரக்கை ஏலத்தில் விற்று, சாலை வழியாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஒரே தடவையாக அல்ல, தவணை தவணையாக.